குழாயின் முதுகுப் பக்கம்

பறையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். எங்கப்பா பறையடித்தவர் என்று தெரிந்துதான் கேட்டார்கள். எழுதலாம். ஆனால் பறையைப் பற்றி எழுத இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். மேடையேற்றி அடித்தாயிற்று, கைதட்டு வாங்கியாயிற்று, பல்கலைக்கழகத்தில் ஆய்வும் பண்ணியாயிற்று. நான் முப்பது வருஷத்துக்கு மேல் சோறு தின்றது ஸ்பீக்கரால். ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லுய்யா என்று எங்க ஆளுங்க ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை. சத்தம் என்றால் நமக்குத் தோல் மட்டும்தான், காந்தமும் காயிலும் வேற எவனோடதோ என்று நாமே முடிவு கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. அதனால் 2014இல் ஒரு டவுன் தியேட்டருக்கு ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்த கதையை எழுதுகிறேன். பறை அதில் வந்தால் வரட்டும்.

தியேட்டர் பேர் வேண்டாம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970களில் கட்டியது. திரையிலிருந்து கடைசிச் சுவர் 110 அடி, அகலம் 60, உயரம் 28. மேலே பால்கனி, கீழே சேர், அதற்கு முன்னால் பெஞ்ச், எல்லாவற்றுக்கும் முன்னால் தரை. பின்னால் தரையை எடுத்துவிட்டு இரும்பு நாற்காலி போட்டார்கள். ஆனால் எங்க சனங்க வாயில் அது இன்றைக்கும் 'தரை டிக்கெட்'தான். தரைக்குத் தனி கவுண்டர், தனி வழி. மூத்திரச் சந்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. சாதி பேரைச் சொல்லி யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. சட்டப்படி சொல்லவும் முடியாது. விலைதான் பிரித்துக் கொடுத்தது. ஆனால் எங்கம்மா ஒருமுறை நடவுக் கூலி வாங்கிய கையோடு போனபோதும், பெஞ்சுக்குக் காசு இருந்தும், தரையில்தான் போய் உட்கார்ந்தது. "அங்க உக்காந்தா யாருன்னு திரும்பித் திரும்பிப் பாப்பாளுங்க. எனக்குப் படம் பாக்கணும்டா" என்றது. விலை பிரித்ததற்கு அப்புறமும் மிச்சம் என்ன பிரித்தது என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சத்தம் எப்படிப் போகிறது என்று நான் படித்தது ஐடிஐயில் இல்லை. 1987இல் ரேடியோ மெக்கானிக் படித்தேன், அது சால்டரிங் கற்றுக்கொடுத்தது. சத்தம் போகிற வழியை அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆடி மாசக் கூழ் ஊற்றும் திருவிழாவில் கற்றுக்கொண்டேன். ஊர்க் கோயிலில் மைக் செட் போடுவார்கள். மூங்கில் கட்டி அதில் நாலு குழாய். நாலும் ஊரைப் பார்த்தபடி இருக்கும். சேரி மேற்கே. எங்களுக்குக் கிடைத்தது குழாயின் முதுகுப் பக்கம். விடிய விடியப் பாட்டு ஓடும். எங்களுக்கு மெட்டு மங்கலாக வரும், 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரும், வார்த்தை வராது. கதை வசனம் ஒலிச்சித்திரமாகப் போடுவார்கள். ஊரில் சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று மறுநாள் மாடு மேய்க்கிற இடத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

இதற்குக் காரணம் ரொம்ப எளிமையானது. சத்தம் அலை. 300 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை கிட்டத்தட்ட நாலு அடி நீளம். குழாயை விட அலை பெரிது. அதனால் அது குழாயைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமும் வந்துவிடும். 4,000 ஹெர்ட்ஸ் அலை மூன்றரை இஞ்சுக்கும் குறைவு. அது குழாய் காட்டுகிற திசையில் டார்ச் லைட் மாதிரி நேராகப் போகும், திரும்பிப் பார்க்காது. உயிரெழுத்தின் கனம் கீழே இருக்கிறது. 'ச'வும் 'ட'வும் 'த'வும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து காதில் விழுவது பெரும்பாலும் மேலே இருக்கிற சத்தத்தில். ஆக முதுகுப் பக்கம் நிற்கிறவனுக்கு இரைச்சல் உண்டு, பேச்சு கிடையாது. பிற்பாடு ஸ்பீக்கர் கம்பெனிக்காரர்கள் அச்சடித்துக் கொடுக்கிற வட்டப் படத்தில், 'ஆஃப் ஆக்ஸிஸ்' என்று போட்டு ஒரு கோடு உள்ளே சுருங்கிப் போயிருப்பதைப் பார்த்தபோது, அட, இது எங்க தெருவாச்சே என்றுதான் நினைத்தேன்.

ஐடிஐ முடித்து மைக் செட் கடை, அங்கிருந்து ஒரு தியேட்டரில் உதவி ஆபரேட்டர். கார்பன் குச்சி எரிகிற புரொஜெக்டர், வால்வு ஆம்ப்ளிஃபயர். பிலிம் ஓரத்தில் ஒளிப்பட்டையாக ஓடுகிற சத்தத்தை எக்சைட்டர் விளக்கு படிக்கும். அந்தக் காலத்து ஒற்றைத் தட ஒலிக்கு அமெரிக்காக்காரன் 1938இல் வகுத்த அளவுதான். இரைச்சலை மறைக்க மேல் சத்தத்தையே வெட்டிவிடுகிற அளவு. அப்புறம் 1993இல் ஜுராசிக் பார்க் படத்தோடு டிடிஎஸ் வந்தது. சில வருஷத்தில் நம்ம பக்கம் போஸ்டரில் கதாநாயகன் பேருக்குச் சமமாக 'டிடிஎஸ்' என்று போட ஆரம்பித்தார்கள். சின்ன ஊர் தியேட்டரெல்லாம் ஸ்பீக்கர் மாற்றியது அந்த அலையில்தான். எனக்கு வேலை கிடைத்ததும் அந்த அலையில்தான். சாமான் இறக்கப் போய், கம்பி இழுக்கப் போய், கடைசியில் எந்த ஸ்பீக்கர் என்று கேட்கிற இடத்துக்கு வந்து சேர இருபது வருஷம் பிடித்தது.

இந்தத் தியேட்டரின் மொதலாளி, கட்டியவரின் மகன். டிஜிட்டல் புரொஜெக்டர் ஏற்கெனவே வந்துவிட்டது. படம் பளிச்சென்று இருக்கிறது, சத்தம் மட்டும் கேவலமாக இருக்கிறது, புதுச்சேரிக்குப் படம் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் கவலை. தியேட்டருக்குள் என்னை 'அண்ணே' என்பார். வீட்டில் பார்த்தால் எந்த முறையும் வராது, "வாங்க, உக்காருங்க" என்று திண்ணையைக் காட்டுவார். இருபத்திரண்டு லட்சம் வைத்திருப்பதாகச் சொன்னார். சென்னையிலிருந்து ஒரு டீலர் வந்திருந்தார். மொதலாளியின் அக்கா மகன், இஞ்சினியரிங் படித்த பையன், அவனும் இருந்தான்.

பையனுக்கு லைன் அர்ரே வேண்டும். கச்சேரி மேடையில் வாழைத்தார் மாதிரி தொங்குமே, அது. "மாமா, இப்ப எல்லாரும் இதான் போடறாங்க" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, ஆசைப்படுகிற வயசு. ஆனால் அது வெட்டவெளியில் ஆயிரக்கணக்கான பேருக்குத் தூரம் எட்டச் செய்கிற சாமான். சினிமாவில் ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால், திரையின் நடுவில், பேசுகிறவன் வாய் இருக்கிற இடத்தில் இருக்கணும். இடது, நடு, வலது என்று மூன்று. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். 1930களின் நடுவில் ஹாலிவுட்டில் ஷியரர் ஹார்ன் செய்தபோதும், 1940களில் ஆல்டெக் கம்பெனி 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' செய்தபோதும், கீழே பெரிய பெட்டி, மேலே ஹார்ன் என்று வைத்தார்கள். அந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மாறாததற்குக் காரணம் இருக்கிறது.

டீலர் கொண்டு வந்தது இரண்டு பட்டியல். ஒன்று வெளிநாட்டு மூன்று வழி ஸ்பீக்கர், விலை பட்ஜெட்டை முழுசாக விழுங்கும். இன்னொன்று நம்ம நாட்டில் செய்த பெட்டி, விலை பாதிக்கும் கீழே, வாட் மட்டும் பெரிசாகப் போட்டிருந்தது. "ரெண்டாயிரம் வாட்டுண்ணே, கூரை பிச்சிக்கும்" என்றார். மொதலாளிக்குக் கண் அதில்தான். எல்லா மொதலாளிக்கும் கண் வாட்டில்தான். வாட் என்பது ஸ்பீக்கர் தின்கிற சோறு, செய்கிற வேலை இல்லை என்று நான் சொன்னேன். டீலர் சிரித்தார்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். சினிமாவில் ஒரு ஸ்பீக்கர் உச்சத்தில் 105 டெசிபல் தரணும், அதுவும் ஹாலில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உட்கார்ந்திருப்பவன் காதில். இந்த ஹாலில் அது 70 அடி, 21 மீட்டர் சொச்சம். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 70 அடிக்கு 26 டெசிபலுக்கு மேல் போய்விடும். ஆக ஸ்பீக்கர் வாயருகில், ஒரு மீட்டரில், 131, 132 வேண்டும். சுவரில் பட்டுத் திரும்புவது கொஞ்சம் கைகொடுக்கும், அதை நம்பி வாங்கக் கூடாது. ஒரு வாட்டுக்கு 104 டெசிபல் தருகிற ஹார்ன் ஸ்பீக்கருக்கு இதைச் செய்ய 560 வாட் போதும். 98 தருகிற பெட்டிக்கு 2,200 வாட்டுக்கு மேல் கொட்டணும். அதில் பெரும்பகுதி காயிலில் சூடாகப் போகும். சூடேறினால் காயிலின் தடை கூடும், சத்தம் இன்னும் குறையும், இடைவேளைக்கு அப்புறம் சண்டைக் காட்சியில் கருகும். "ரெண்டாயிரம் வாட்டுன்னு அவங்க பெருமையா போட்டிருக்காங்களே, அது பசி மொதலாளி, பலம் இல்ல."

டீலர் அதற்கப்புறம் என்னைப் பார்த்துப் பேசவில்லை. மொதலாளியிடம் மட்டும் கேட்டார்: "இவர் எந்த ஊரு? எங்க படிச்சாரு?" ஊர் என்று கேட்டால் தெரு என்று அர்த்தம். மொதலாளி, "இங்க பக்கத்துலதான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தத்திலேயே டீலருக்குப் பதில் கிடைத்துவிட்டது. டீ வந்தது. எனக்குப் பேப்பர் கப். வேலைக்காரப் பெண் கொண்டு வந்து வைத்தாள், யாரும் சொல்லித் தரவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. குடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினேன். டீ நல்லாத்தான் இருந்தது.

நான் கேட்ட ஒரே கேள்வி: "முன்வரிசை திரையிலேருந்து இருவது அடி. அவங்களுக்கு என்ன கேக்கும்?"

"பத்து ரூபா டிக்கெட்டுக்கு என்ன கேட்டா என்னண்ணே" என்றார் மொதலாளி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கணக்கு அப்படி. பால்கனிக்காரன்தான் புதுச்சேரிக்குப் போகிறான், தரைக்காரன் எங்கே போவான்?

ஹார்ன் தரையிலிருந்து 17 அடி உயரத்தில் நிற்கும். அதை மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குக் குறி வைப்பார்கள். முன்வரிசையில் இருப்பவன் தலை அந்தக் குறிக்கு 30 டிகிரி கீழே. அந்தக் காலத்து ஹார்ன்களில் பல மேலே 20, கீழே 20 என்று நாற்பது டிகிரிதான் பரப்பும். முன்வரிசைக்காரன் அதற்கு வெளியே. கனமான சத்தம் அவனுக்கு வந்து சேரும். பின்னால் இருப்பவனை விட ஐந்து மடங்கு கிட்டத்தில் இருக்கிறானே, அதனால் நெஞ்சில் குத்துகிற மாதிரி வரும். எழுத்துச் சத்தம் தலைக்கு மேலே பறந்து பால்கனிக்குப் போய்விடும். அதே முதுகுப் பக்கம்தான். குழாய் மூங்கிலில் இல்லை, திரைக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தரை டிக்கெட்காரன் விசிலடிப்பான், கத்துவான், அவனுக்கு வசனம் எதுக்கு என்று பேசுகிற சினிமா விமர்சகர்களை நான் படித்திருக்கிறேன். அவன் காதுக்கு வசனம் போய்ச் சேர்ந்ததா என்று அவர்கள் யாராவது இறங்கி வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா?

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. ஹார்னை மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் விரியும்படி செய்கிறார்கள். மேலே 20 டிகிரி, கீழே 30. பக்கவாட்டில் 90. இரண்டு வழி ஸ்பீக்கர், கீழே பதினைந்து இஞ்ச் வூஃபர் இரண்டு. மூன்று வழியை விட விலை குறைவு. அதை நாலைந்து டிகிரி கீழே சாய்த்து மாட்டினால் பால்கனி கடைசிக்கும் போதும், இருபது அடியில் இருப்பவனும் உள்ளே வந்துவிடுவான். வூஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், ஹார்னுக்குத் தனி. இதைத்தான் வாங்கணும் என்றேன்.

மிச்சமாகிற பணத்தில் ஆறு லட்சத்தைச் சுவருக்குக் கேட்டேன். அதற்குத்தான் பெரிய சண்டை. "செவுத்துக்கு எவனாவது ஸ்பீக்கர் காசைப் போடுவானாண்ணே?" பலூன் உடைத்து லேப்டாப்பில் பதிந்து காட்டினேன். காலி ஹாலில் சத்தம் அடங்க 2.2 விநாடி. இவ்வளவு பெரிய சினிமா ஹாலுக்கு ஒரு விநாடியை ஒட்டி இருக்கணும். இல்லையென்றால் முதல் வார்த்தையின் வால் இரண்டாவது வார்த்தையின் மேல் விழும். எந்த ஊர் ஸ்பீக்கரும் அதைச் சரி பண்ணாது. சபைன் என்கிறவரின் சூத்திரப்படி, இந்த ஹால் அப்போது உறிஞ்சிக்கொண்டிருந்தது ஏறக்குறைய 380 சதுர மீட்டருக்குச் சமம். பாதியாகக் குறைக்க இன்னொரு 380 வேண்டும். கிளாஸ் வுல் வைத்து மேலே துணி. முட்டை அட்டை, தெர்மோகோல் எல்லாம் கண் துடைப்பு.

இந்தக் கணக்கில் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போக மனசில்லை. மனுச உடம்பு நன்றாக உறிஞ்சும். பஞ்சு நாற்காலி காலியாக இருந்தாலும் கொஞ்சம் உறிஞ்சும். இரும்பு நாற்காலி உறிஞ்சாது, திருப்பி அடிக்கும். அதனால்தான் பழைய ஆபரேட்டர்கள், "தரை நெறைஞ்சாதான்டா தியேட்டர் நல்லா பேசும்" என்பார்கள். மேலே இருக்கிறவனுக்கு வசனம் தெளிவாகக் கேட்டதென்றால், அதில் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எங்க உடம்புக்கும் பங்கு உண்டு. தொட்டால் தீட்டு என்ற உடம்பு சத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. கூலி எதுவும் தரவில்லை.

திரையையும் பார்த்தேன். சத்தம் வெளியே வர அதில் சின்னச் சின்ன ஓட்டை போட்டிருப்பார்கள். எப்போதோ அழுக்கு தெரிகிறது என்று வெள்ளைப் பெயிண்ட் அடித்துப் பாதி ஓட்டையை அடைத்து வைத்திருந்தார்கள். மிச்சத்தைப் புகையும் தூசியும் அடைத்திருந்தது. புதுத் திரை என்றதும் மொதலாளி மறுப்பே சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற செலவு.

சுவருக்கு எப்படி ஒத்துக்கொண்டார் என்றால், என் கணக்கால் இல்லை. அவருடைய அம்மா, எழுபது வயசு தாண்டியவர், கீழே வந்து ஒரு படம் பார்த்துவிட்டு, "ஒரு எழவும் புரியலடா, கெணத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்றார். நான் இரண்டு வாரமாக டெசிபலில் சொன்னதை அந்தக் கிழவி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டது.

வேலை முடிய மூன்று மாசம். என்னோடு எங்க தெருப் பையன்கள் நாலு பேர். ஸ்பீக்கருக்கு மேடை கட்டி, அது அதிராமல் இருக்க மணல் நிரப்பி, திரைக்குப் பின்னால் முழுக்கக் கறுப்புத் துணி. கடைசியாக அளவு வைக்கச் சென்னையிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். பிங்க் நாய்ஸ் என்று ஒரு சத்தம் விடுவார்கள், ஓட்டு மேல் மழை கொட்டுவது போல இருக்கும். மைக் வைத்து அளந்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்குக் கொண்டு வருவார்கள். அவர் நாலு மைக் கொண்டு வந்தார். நாலையும் நடு ஹாலிலிருந்து பால்கனி வரைக்கும் வைத்தார்.

"சார், ஒண்ணு முன்வரிசைல வைங்க."

"அங்க வைக்கிற வழக்கமில்லீங்க."

"தெரியும் சார். வச்சுப் பாருங்க."

நல்ல மனுசன். வைத்தார். சாய்ப்பு சரியாக இறங்கவில்லை. 4,000 ஹெர்ட்ஸில் முன்வரிசை 9 டெசிபல் கீழே கிடந்தது. நான் திரைக்குப் பின்னால் ஏறி நடு ஹார்னின் பின் போல்ட்டைத் தளர்த்தினேன். முன்வரிசையில் எங்க பையன் ஒருத்தனை உட்கார வைத்து, தெரிந்த படம் ஒன்றின் வசனத்தை ஓடவிட்டு, "இப்ப? இப்ப?" என்று கத்திக் கத்திக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். எங்கப்பா ஞாபகம் வந்தது. மார்கழிப் பனியில் தோல் தொங்கிப் போயிருக்கும். வைக்கோல் தீயில் காட்டி, விரலால் சுண்டி, திரும்பக் காட்டி, திரும்பச் சுண்டி, காது சொல்கிற வரைக்கும் விடமாட்டார். அவர் முன்னால் சாவு வீட்டுக்காரன் நின்றுகொண்டு அவசரப்படுத்துவான். அவர் காதில் வாங்க மாட்டார். அந்த வேலையை விடச் சொல்லிச் சண்டை போட்டவன் நான். அந்தச் சண்டை சரியான சண்டை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காது தோலுக்கு மட்டும் உரியது என்று யார் சொன்னது?

இஞ்சினியர் மறுபடி அளந்தார். முன்வரிசைக்கும் பால்கனிக்கும் மேல் சத்தத்தில் வித்தியாசம் 3 டெசிபலுக்குள் வந்திருந்தது. பால்கனியில் குறையவில்லையா என்று மொதலாளி ஓடிப் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தார். குறையவில்லை. அது அவருக்கு ஆச்சரியம். கீழே இருப்பவனுக்குக் கொடுத்தால் மேலே இருப்பவனுக்குக் குறைந்துதானே ஆகணும் என்று நினைத்திருக்கிறார்.

திறப்பு நாளில் டீலருக்கும் இஞ்சினியருக்கும் சால்வை போட்டார்கள். எனக்குக் கூலி கொடுத்தார்கள், பாக்கியில்லாமல். அன்றைக்கு முதல் காட்சிக்கு எங்கம்மாவை அழைத்துப் போனேன். பால்கனி டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "கீழயே உக்காரலாம், மேல ஏற முட்டி வலிக்குது" என்றது. இரண்டாவது வரிசை. படத்தில் பாதி நேரம் தூங்கிவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கதாநாயகியின் மாமியார் பேசிய ஒரு வசனத்தை அப்படியே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்காட்டி, "சரியான கழிசடை" என்றது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அடைத்த தியேட்டரை அப்புறம் திறந்தார்கள், ஓடவில்லை. 2022இல் கல்யாண மண்டபமாக்கிவிட்டார்கள். சுவரில் நாங்கள் வைத்த கிளாஸ் வுல்லைப் பிய்த்துப் போட்டுவிட்டு டிஸ்டெம்பர் அடித்திருக்கிறார்கள். ஸ்பீக்கர்களைச் செஞ்சிப் பக்கம் ஒரு தியேட்டர்காரர் வாங்கிப்போனார். மாட்டித் தரச் சொல்லி அவரே போன் பண்ணினார். வருகிறேன் என்றேன். முன்வரிசை திரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து வைக்கச் சொன்னேன்.